தமிழறியாத் தமிழ்ப்பட டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர் பெருமக்கள், அருளாளர்கள், நாட்டுக்கு உழைத்த நல்லோர் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அமெரிக்கரின் வரலாறு. அதுவும் சினிமா டைரக்டர் ஒருவரின் வரலாறு. அவருக்குத் தமிழ் எழுதவும் தெரியாது, பேசவும் வராது. இத்தகையவருக்குத் தமிழ்ச் சங்க மலரில் இடம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்த ‘மீரா’வையும், எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘அம்பிகாபதி’யையும், எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய ‘சதி லீலாவதி’யையும் நம் பெற்றோரும் பாட்டனாரும் வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். பாட்டைப் பேசுவோம், நடிப்பைப் பேசுவோம், வசனத்தை மனப்பாடமாகவே ஒப்புவிப்போம். இம்மூன்று படங்களையும் உருவாக்கியவர் ஒருவரே என்பதையும், அவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்பதையும் அறிந்தவர் நம் காலனியில் எத்தனை பேர்? படத்தைக் கேட்கப் பழகிய அளவுக்கு நாம் பார்க்கப் பழகவில்லை. டங்கனின் வாழ்க்கையோ பார்ப்பது பற்றிய வாழ்க்கை.

அவர் கதைக்குப் போகுமுன், நாம் வாழும் ஊருக்கும் தொழிலுக்கும் இத்துறையோடு உள்ள தொடர்பைச் சிறிது சொல்லிவிடுவது தகும். தென்னாட்டில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் புறப்பட்டார். இரயில்வே உத்தியோகத்தை விட்டவரும் உருப்பட்டதுண்டு என்பதற்கு அவர் சான்று! அவருக்குப் பின், 1910-களின் பிற்பகுதியில், தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகிய ‘கீசக வத’த்தைச் சென்னையில் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். சென்னை வெப்பத்தில் பிலிமைக் கழுவினால் கெட்டுவிடும் என்று அஞ்சிய அவர், அதற்கான ஆய்வுக்கூடத்தை நம் பெங்களூரில்தான் அமைத்தார். தமிழன் எடுத்த முதற்படத்தின் உருவங்கள் இவ்வூரின் குளிர்ச்சியில்தான் கண் விழித்தன. எல்ஜின் டாக்கீஸ் போன்ற பழம்பெருங் கொட்டகைகளில் தலைமுறை தலைமுறையாகப் படம் பார்த்து வளர்ந்த சிவாஜிநகர்த் தமிழர், இதனை அறிந்து சற்றே பெருமைகொள்வதில் தவறில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். எல்லிஸ் ரோடெரிக் டங்கன் 1909-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஒஹாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே புகைப்படக் கருவியின்மேல் மோகம் பிறந்துவிட்டது. பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுத்துக் கொடுத்ததே அவருடைய முதல் பணி. (மலருக்கு உழைத்தவர் வீண்போவதில்லை என்பதை நம் சங்க இளைஞர்கள் குறித்துக்கொள்க.) பின்னர்த் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலையைப் பாடமாகப் பயின்றார். அக்காலத்தில் சினிமாவைக் கல்லூரியில் கற்பிப்பது அமெரிக்காவிலேயே புதுமை.

அங்கு அவருடன் பயின்றவர் மாணிக்லால் டாண்டன் என்னும் இந்திய இளைஞர். படிப்பு முடிந்தபின் டாண்டன் நண்பர்களை இந்தியாவுக்கு அழைத்தார். டங்கனும், மைக்கேல் ஓமலெவ் என்ற மற்றொரு நண்பரும் 1935-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய மண்ணில் இறங்கினர். சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பதே டங்கனின் எண்ணம். அவர் திரும்பியதோ 15 ஆண்டுகள் கழித்து. நம்மவர்களில் எத்தனை பேர், ஓராண்டு வேலை பார்ப்போம் என்று ஜோலார்பேட்டையைக் கடந்து இங்கு வந்து, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறோம்!

டாண்டன் அப்பொழுது ‘நந்தனார்’ படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாராக நடித்த படம் அது. அதில் சில காட்சிகளை எடுக்கும் பணியில் டங்கன் உதவினார். அடுத்து, கோயமுத்தூர் மனோரமா பிலிம்ஸ் மருதாசலம் செட்டியார் ‘சதி லீலாவதி’யை இயக்கும்படி டாண்டனைக் கேட்டபோது, தமக்கு ஓய்வில்லை என்று சொல்லித் தம் நண்பரைக் காட்டிவிட்டார் டாண்டன். தமிழ் ஒரு சொல்லும் அறியாத 26 வயது இளைஞரிடம் தமிழ்ப் படம் ஒன்று இவ்வாறு வந்து சேர்ந்தது.

அன்றைய தமிழ்ப்படத்தின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. அதன்பின் வந்தவை பெரும்பாலும் நாடகக் கம்பெனிகளின் நாடகங்களே. நடிகர்கள் வரிசையாக நின்று, காமிராவைச் சபையாகக் கருதி, அதை நோக்கியே பேசினர், பாடினர். ஒரு படத்தில் 30, 40 பாட்டுகள் இருப்பது சாதாரணம். பின்னணிப் பாடல் முறை அப்பொழுது வரவில்லை. நடிகரே படப்பிடிப்பின்போது பாட வேண்டும். ஒலிவாங்கி ஓரிடத்தில் தொங்கும். அதைவிட்டு நகர்ந்தால் குரல் பதியாது. வாத்தியக்காரர்கள் காமிராவின் பார்வைக்கு அப்பால், மரத்தின் பின்னோ திரையின் பின்னோ ஒளிந்து வாசிப்பர். ஆகவே நடிகரும் நகரவில்லை, காமிராவும் நகரவில்லை. நாடகக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலியொன்றில் உட்கார்ந்திருப்பவர் எதைக் காண்பாரோ அதையே சினிமா இரசிகரும் கண்டார்.

டங்கன் செய்த முதற்காரியம் அந்த நாற்காலியை எழுப்பி நடக்கவிட்டதாகும்.

இதனைச் சிறிது விளக்குவோம். நாடகத்தில் அரசனின் கண்ணில் நீர் துளிர்த்தால் முன்வரிசையார் மட்டுமே காண்பர். பின்வரிசையாருக்கு அவன் அழுதுகொண்டே பாடினாலொழியத் தெரியாது. அதனால்தான் நாடக நடிகர் எதையும் உரக்கச் செய்யப் பழகினர். காமிராவோ அருகே செல்லும். முகம் ஒன்றே திரை முழுவதும் நிறைந்து நிற்கும் குளோஸ்-அப் என்னும் அண்மைக் காட்சியில், இமை தாழ்வது ஒன்றே போதும். கைகளை ஆட்ட வேண்டியதில்லை. தூரத்துக் காட்சி இடத்தைச் சொல்லும். அண்மைக் காட்சி மனத்தைச் சொல்லும். இருவர் பேசும்போது ஒருவர் முகம், பின் மற்றவர் முகம் என்று மாற்றி மாற்றிக் காட்டினால், பேசுபவரைவிடக் கேட்பவரின் முகமே பல சமயங்களில் கதையை நடத்திச் செல்லும். அவ்வாறு காட்டும்போது ஒருவர் இடப்புறம் நோக்கினால் மற்றவர் வலப்புறம் நோக்க வேண்டும். இல்லையேல் இருவரும் ஒருவரையொருவர் பாராமல் மூன்றாமவர் ஒருவரைப் பார்த்துப் பேசுவதுபோல் தோன்றும். காமிராவைத் தாழ வைத்து அண்ணாந்து பார்த்தால் மனிதன் உயர்ந்து தோன்றுவான். மேலிருந்து குனிந்து பார்த்தால் அவனே சிறுத்து ஒடுங்குவான். இவையெல்லாம் இன்று கைப்பேசி வைத்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். 1935-இல் தமிழ்ப் படப்பிடிப்பு நிலையத்தில் இவை புதுமைகள்.

காமிரா நகர்வதற்குத் தண்டவாளம் அமைத்து அதன்மேல் உருளும் வண்டியில் அதை ஏற்றுவர். அதற்கு டிராலி என்று பெயர். நம் இரயில்வேயில் பாதை ஆய்வாளர்கள் ஏறிச் செல்லும் தள்ளுவண்டிக்கும் அதுவே பெயர், அமைப்பும் ஏறத்தாழ அதுவே. தள்ளுபவர் சீராகத் தள்ளினால்தான் ஏறியிருப்பவருக்குப் பாதையின் குறை தெரியும். குலுக்கித் தள்ளினால் ஒன்றும் தெரியாது. படமும் அப்படித்தான்.

காட்சியைக் கட்டம் கட்டுவது என்று சினிமாக்காரர் சொல்வதும் நமக்கு அந்நியமன்று. எந்தப் பழங்கோயிலிலும் மகாமண்டபத்தில் நின்று உள்ளே நோக்குங்கள். நிலைவாசலுக்குள் நிலைவாசல், அதற்குள் மற்றொரு நிலைவாசல் என்று கண் தானே உட்செல்கிறது. மண்டபம் அரையிருள், அர்த்தமண்டபம் முழுவிருள், கடைசிக் கட்டத்துக்குள் மட்டும் ஒரு விளக்கொளி. மூலவரைப் பார் என்று யாரும் கூறவில்லை; வேறெங்கும் பார்க்க முடியாதபடி சிற்பி செய்துவிட்டான். ஒளியாலும் இருளாலும் கோட்டாலும் கண்ணை வழிநடத்தும் இக்கலை நம்மிடம் கல்லில் இருந்தது. அதைப் பிலிமுக்குக் கொண்டுவருவதற்கு ஒஹாயோவிலிருந்து ஒருவர் வர வேண்டியதாயிற்று.

‘சதி லீலாவதி’ 1936-இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. குடியினால் கெட்டு, நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணி அஞ்சி, இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கும் ஒருவனின் கதை அது. புராணக் கதைகளே நிறைந்திருந்த காலத்தில், வேட்டியும் சட்டையும் அணிந்த மனிதரின் துன்பத்தைப் படமாக்க வாய்த்தது டங்கனுக்கு நல்லூழ். எம். கே. ராதா கதாநாயகர். டி. எஸ். பாலையாவும் என். எஸ். கிருஷ்ணனும் இதன்வழியே திரைக்கு வந்தனர். போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் வந்த எம். ஜி. இராமச்சந்திரனை அன்று யாரும் பெரிதாகக் கவனித்திரார்.

மொழி தெரியாமல் எப்படி இயக்கினார்? வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் துணையாகக் கொண்டார். தமிழறிந்த உதவியாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நடிகர் பேசும் சொல்லின் பொருள் அவருக்கு நேரே எட்டவில்லை. ஆயினும் குரலின் ஏற்றத்தாழ்வும் முகத்தின் அசைவும் எட்டின. சொல் புரியாதவருக்குக் காட்சி புரிய வேண்டுமானால் அந்தக் காட்சி தன் பொருளைத் தானே காட்டியாக வேண்டும். அவருடைய குறையே அவருக்கு உரைகல்லாயிற்று. தமக்கு விளங்குமாறு காட்சியை அமைத்தார். அது எல்லாருக்கும் விளங்கிற்று. 15 ஆண்டுகள் தமிழ்நாட்டில் வாழ்ந்தும் தமிழ் கற்கவில்லையே என்று அவரை நகைப்பவர்கள், 30 ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தும் பஸ் கண்டக்டரிடம் பேசும் கன்னடத்தோடு நிற்கும் நம்மில் பலரையும் நினைத்துக்கொள்வது நலம்.

1937-இல் வந்த ‘அம்பிகாபதி’ அவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தது. கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையே தோன்றிய காதல் நாமறிந்த கதை. பாகவதரின் பாட்டுக்காகவே மக்கள் திரண்டனர் என்பதில் ஐயமில்லை. படம் ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. ஆனால் அப்படத்தில் டங்கன் செய்த இரண்டு காரியங்களை நாம் மறக்கலாகாது. ஒன்று, இளங்கோவனுக்குச் செய்த உபகாரம். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை அவரிடம் கொடுத்து, அதன் கவிச்சுவையைத் தமிழ் உரையாடலில் கொண்டுவருமாறு தூண்டினார். தமிழ்த் திரையில் அழகிய உரைநடை வசனம் என்ற மரபு தோன்ற இளங்கோவனே காரணர் என்பர். அந்த மரபின் வாசலில் தமிழறியாத ஒருவர் நின்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்! தமக்கு எது தெரியாது என்பதை அறிந்து, அது தெரிந்தவரிடம் அதை ஒப்படைப்பதும் ஒரு மேதைமையே.

மற்றொன்று, காதல் காட்சிகளை அமைத்த முறை. அரசகுமாரி மேல்மாடத்தில், கவிஞன் கீழே. இருவருக்கும் இடையிலுள்ள அந்த உயரந்தான் கதை. குலத்தின் ஏற்றத்தாழ்வைப் பத்து வரி வசனத்தில் சொல்லலாம். ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் நிறுத்திவிட்டால் ஒரு வரியும் வேண்டியதில்லை. அவன் ஏறத் தொடங்கும் கணத்திலேயே இது தண்டனையில் முடியும் என்பது பார்ப்பவர் நெஞ்சில் உறைத்துவிடுகிறது.

வெற்றிகளை மட்டும் கூறிப் போவது வரலாறாகாது. 1940-இல் டங்கன் ‘காளமேக’த்தை எடுத்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். இராஜரத்தினம் பிள்ளை கதாநாயகர். படம் எடுபடவில்லை. காரணம் வெளிப்படை என்றே நாம் கருதுகிறோம். காளமேகப் புலவரின் பெருமை முழுவதும் சிலேடையில் இருக்கிறது. ஒரு சொல் ஒரே நேரத்தில் இரண்டு பொருளைத் தரும் விந்தையை எந்தக் காமிராவால் படம் பிடிக்க முடியும்? காமிராவுக்குப் பாம்பு பாம்புதான், எள் எள்தான். கண் எங்கு வரை செல்லும், செவி எங்கிருந்து தொடங்கும் என்ற எல்லையை அப்படம் காட்டிற்று. அதே ஆண்டில், சதாசிவம் தயாரித்து எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த ‘சகுந்தலை’ நன்றாக ஓடிற்று. தொலைந்த கணையாழி, மறந்த முகம் என்று காளிதாசன் அக்கதையில் வைத்திருப்பவை அனைத்தும் கண்ணுக்குரியவை அல்லவா?

இனி ‘மீரா’. போர்க்காலத்தில், பிலிம் கிடைப்பதே அரிதாக இருந்த நாளில், மீண்டும் சதாசிவம் தயாரித்த படம் இது. தமிழில் 1945-இலும் இந்தியில் 1947-இலும் வெளிவந்தது. இந்திப் பதிப்பில் சரோஜினி நாயுடு அம்மையாரே திரையில் தோன்றி எம். எஸ்.-ஐ நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார்.

டங்கனின் முன்னே இருந்த இடர் இதுதான். மீராவின் கதையில் புறத்தே நிகழ்வது குறைவு. எல்லாம் அகத்தே நிகழ்வது. ஒரு பெண் கண்ணனை நினைத்து உருகுகிறாள். அதை எவ்வாறு படம் பிடிப்பது? பாட்டு சொல்லும் என்று விட்டுவிடலாம்; அதுவும் எம். எஸ்.-ஸின் பாட்டு. சாதாரண டைரக்டர் அப்படித்தான் விட்டிருப்பார். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் படப்பிடிப்புக்கு முன்னதாகவே எம். எஸ்.-ஸின் முகத்தைப் பாரிஸ் சாந்தில் மார்பளவுச் சிலையாக வடிக்கச் செய்தனர். அந்தச் சிலையின்மேல் ஒவ்வொரு புறத்திலிருந்தும் விளக்கைப் பாய்ச்சி, எக்கோணத்தில் எவ்வளவு ஒளி விழுந்தால் அம்முகம் எவ்வுணர்வைத் தரும் என்று சோதித்தனர்.

இஃது ஏன் தேவைப்பட்டது என்பதை அறியாதவர்க்கு வேடிக்கையாகத் தோன்றும். கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை. சிவப்புப் புடவை, பச்சை இலை, மஞ்சள் பூசிய முகம் எல்லாம் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களே. முகத்துக்கு நேரே விளக்கை வைத்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். ஒருபுறம் முதன்மை விளக்கு, மறுபுறம் நிழலை மெல்லக் கரைக்கும் மங்கல் விளக்கு, பின்னாலிருந்து கூந்தலின் ஓரத்தில் கோடிடும் மற்றொரு விளக்கு, இம்மூன்றின் அளவைப் பொறுத்தே அம்முகம் தேவியாகவும் பேதையாகவும் தோன்றும். நடிகையை மணிக்கணக்கில் அனல் பறக்கும் விளக்குகளின் கீழ் நிறுத்தி வைத்துச் சோதிப்பது கொடுமை, சிலைக்கு வியர்க்காது. படத்தை இன்று பார்ப்பவர்கள் எம். எஸ்.-ஸின் முகத்தில் ஒரு தெய்வ ஒளி வீசுவதாகக் கூறுவர். அவ்வொளியில் அவருடைய பக்திக்கும் பங்குண்டு. சிலைமேல் விளக்கடித்துக் கணக்குப் பார்த்த இருவரின் உழைப்புக்கும் பங்குண்டு.

மற்றொரு காட்சியையும் சொல்லாமல் விட மனமில்லை. சிறுமி மீராவாக வருபவர் சதாசிவத்தின் மகள் இராதா. கண்ணன்முன் அச்சிறுமி பாடத் தொடங்குகிறாள். அந்தப் பாட்டின் ஓட்டத்திலேயே சிறுமி மறைந்து மங்கை எம். எஸ். தோன்றுகிறார். பல ஆண்டுகள் கழிந்தன என்று அறிவிக்கும் எழுத்தட்டை தேவையில்லை. வயது ஏறிற்று, அன்பு மாறவில்லை என்பதை ஒரே பாட்டும் ஒரு காட்சி மாற்றமும் சொல்லி முடித்துவிடுகின்றன. சமஸ்தானங்களின் உண்மையான அரண்மனைகளையும் ஆற்றங்கரைகளையும் நாடி ஜெய்ப்பூர், உதயப்பூர், சித்தூர், பிருந்தாவனம், துவாரகை என்று படக்குழு வடக்கே அலைந்ததும், தட்டியில் வரைந்த கோட்டையை விட்டுக் கல்லில் கட்டிய கோட்டையைக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தாலேயே.

இவ்வளவும் டங்கன் ஒருவரே தமிழருக்குக் கற்பித்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். திருவனந்தபுரத்தில் பிறந்த கே. ராம்நாத், கலை இயக்குநர் ஏ. கே. சேகர் முதலியோர் அதே காலத்தில் தாமாகவே இக்கலையில் துறைபோயினர். ராம்நாத் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, 1950-இல் ‘ஏழை படும் பாடு’ என்னும் அரிய படத்தை இயக்கி, 1956-இலேயே மறைந்தார். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அடுத்த மலரில் ஆசிரியர் குழு இடமளிக்குமாயின் எழுதுவோம்.

டங்கனின் இறுதிப் படங்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவாயின. 1950 பொங்கலுக்கு வந்த ‘பொன்முடி’ பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைத் தழுவியது. காதலர் நெருங்கியிருக்கும் காட்சிகளைக் கண்டு பத்திரிகைகளும் பெரியவர்களும் கொதித்தனர். வெள்ளைக்காரன் தமிழ்ப் பண்பாட்டைக் கெடுத்தான் என்றனர். நாம் இரு தரப்பையும் எண்ணிப் பார்க்கிறோம். அகநானூறும் குறுந்தொகையும் படிப்பவர்க்குக் காதலர் நெருக்கம் புதிதன்று. ஆயினும் ஏட்டில் தனியே படிப்பது வேறு. கொட்டகையில் தாயும் மகளும் அருகருகே அமர்ந்து ஆளுயரத்துக்கு மேல் எழும் உருவங்களைக் காண்பது வேறு. அண்மைக் காட்சியின் வலிமை இரு முனையும் கூரானது. அமெரிக்கருக்கு அது கூச்சம் தராதது; நம்மவர்க்குத் தந்தது. மொழியறியாமையைவிட இக்கூச்சத்தை அறியாமையே அவருக்குப் பெரிய இடர் என்பது நம் கருத்து.

அதே ஆண்டு ஜூனில் ‘மந்திரி குமாரி’ வெளிவந்தது. மு. கருணாநிதியின் கதை வசனம், எம். ஜி. ஆர். கதாநாயகர். படம் முடியுமுன் டங்கன் தாய்நாடு புறப்பட நேர்ந்ததால் எஞ்சியதை டி. ஆர். சுந்தரம் முடித்தார்; இருவர் பெயராலும் படம் வழங்குகிறது. குண்டலகேசிக் கதையைத் தழுவிய மலையுச்சிக் காட்சிக்காகவே இப்படத்தைப் பலமுறை பார்க்கலாம். கள்வனாகிய கணவன் மனைவியைத் தள்ளிக் கொல்லும் எண்ணத்தோடு இனிய பாட்டுப் பாடி மலைமேல் அழைத்துச் செல்கிறான். செவிக்கு இன்பம், கண்ணுக்கோ ஒவ்வோரடியிலும் சரிவு நெருங்குகிறது, வானம் விரிகிறது, மண் குறைகிறது. உச்சியில் அவன் எண்ணம் வெளிப்படுகிறது. சாகுமுன் கணவனை மும்முறை வலம்வர அவள் வரம் கேட்கிறாள். முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் பத்தினியின் வழிபாடு. மூன்றாம் சுற்றில் அவன் முதுகுக்குப் பின் வந்ததும் தள்ளிவிடுகிறாள். அவள் நினைப்பதை வாய்விட்டுச் சொன்னால் அவன் உயிர் தப்பிவிடுவான். ஆகவே வசனம் இங்கு வாயடைத்து நிற்க வேண்டும். வட்டமிடும் அவள் நடையே வசனம். கலைஞரின் அடுக்குமொழிக்காகப் பெயர்பெற்ற படத்தின் உச்சக்கட்டம் அவர் வசனம் ஓய்ந்த இடத்தில் அமைந்திருப்பதை எண்ணி வியக்கிறோம். வீட்டில் இப்படம் கிடைக்கப்பெறும் அன்பர்கள் அக்காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் நாம் கூறுவதன் உண்மை விளங்கும்.

நம் காலனிக் குழந்தைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். பழைய படங்களின் செந்தமிழ் வசனம் அவர்களுக்குப் பாதிதான் புரிகிறது என்று தாய்மார்கள் வருந்துகின்றனர். பொறுமையின்றி எழுந்து போய்விடுகிறார்களாம். டங்கனுக்கு அந்தப் பாதியும் புரிந்ததில்லை. அவர் அமைத்த காட்சிகளை முதலில் காட்டுங்கள். அடுத்து என்ன என்று குழந்தை கேட்கும்போது வசனத்துக்குப் பொருள் சொல்லுங்கள். எழுத்தறிவிக்கும் வகுப்புக்கு இதுவும் ஒரு வழி என்று சங்கத்தாரிடம் முன்னரே கூறியிருக்கிறோம்.

1950-இல் அமெரிக்கா திரும்பிய டங்கன், மேற்கு வர்ஜீனியா மாநிலத்து வீலிங் நகரில் குடியேறி, செய்திப்படங்களும் விளக்கப்படங்களும் எடுக்கும் தொழிலை நடத்தினார். இந்தியத் தொடர்பு அறவே அறுந்துவிடவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் கூட்டுறவில் 1952-இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்திலும், 1962-இன் ‘டார்சான் கோஸ் டு இந்தியா’விலும் பணியாற்றினார். 1994-இல் மீண்டும் சென்னைக்கு வந்தபோது திரையுலகத்தார் அவரைப் போற்றி வரவேற்றனர். அவர் முதன்முதலாகப் படம் பிடித்த இளம் இன்ஸ்பெக்டர் அதற்குள் தமிழ்நாட்டின் முதலமைச்சராக 10 ஆண்டுகள் விளங்கி மறைந்துவிட்டிருந்தார்.

2001-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், தம் 92-ஆம் வயதில், வீலிங் நகரில் டங்கன் காலமானார். அவருடைய தன்வரலாறும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 2013-இல் கரண் பாலி என்பவர் ‘சென்னையில் ஓர் அமெரிக்கர்’ என்று பொருள்படும் பெயரில் அவரைப் பற்றி விளக்கப்படம் ஒன்றை எடுத்தார். டங்கன் விட்டுச்சென்ற படச்சுருள்களும் நிழற்படங்களும் மேற்கு வர்ஜீனிய மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன.